நாலு எண்ணுவதற்குள்

ஜெபமலருக்கு அலுவலகத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் அவள் 'மலரு'. ஏதாவது நின்றுபோனால் 'அந்த சர்வர்காரி'. சர்வர்காரி என்று காதில் விழுந்தால் அவள் நாற்காலியிலிருந்து எழுந்து, ஜெயலக்ஷ்மி மாமியின் மேசைக்கடியில் தலையை விட்டுவிடுவாள். ஏனென்றால் சர்வர் அங்கேதான் இருந்தது.

திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில் ஒரு லாட்ஜின் இரண்டாம் மாடியில் இருந்தது அந்த டிராவல்ஸ் கம்பெனி. பதினெட்டுப் பேர், பதினெட்டுக் கம்ப்யூட்டர், ஒரே ஒரு கழிவறை. மேசைக்கடியில் உறுமிக்கொண்டிருந்த அந்தக் கறுப்புப் பெட்டி வழியாகத்தான் கம்பெனியின் மின்னஞ்சல் எல்லாம் வந்துபோயிற்று. அதன் நெற்றியில் முதல் நாள் பூஜைச் சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. வைத்தது மாமி. தன் காலருகே இரவும் பகலும் உறுமுகிற ஒன்றுக்குப் பொட்டாவது வைக்காமல் எப்படி என்பது அவர் கட்சி.

மாமி கோட்டைக்குள்ளே அக்கிரஹாரத் தெருக்காரர். ஜெபமலர் வருவதற்கு முன்பு கம்பெனிக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரிதான். வருகிற ஒவ்வொன்றையும் மாமி பிரிண்ட் எடுத்து, பஞ்ச் பண்ணி, ஃபைலில் கோத்து முதலாளி முன்னால் வைப்பார். முதலாளி ஞானசிகாமணி ஓரத்தில் பென்சிலால் பதில் எழுதுவார். மாமி அதைத் திரும்ப டைப் அடிப்பார். ஒரு பதில் போய்ச்சேர நாலு நாள் ஆகும். இதற்குத் தந்தியே மேல் என்று யாரோ ஒரு வாடிக்கையாளர் எழுத, அதையும் மாமி பிரிண்ட் எடுத்துக் கோத்து வைத்தார்.

ஒரே ஒரு அம்பாசிடர் டாக்ஸியோடு மார்த்தாண்டத்திலிருந்து வந்து பதினாலு வண்டிக்குச் சொந்தக்காரரானவர் ஞானசிகாமணி. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. 2004 மே மாதம் ஜெபமலரை வேலைக்கு எடுத்தார். ஆறு மாதம் பார்ப்பேன், சரியாக வந்தால் நிரந்தரம் என்று பேச்சு. அதுவரை அவள் மார்த்தாண்டத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில், கரண்ட் போய் வரும்போதெல்லாம் பத்து கம்ப்யூட்டரையும் தட்டி எழுப்புகிற வேலையில் இருந்தாள். அந்த வேலைக்கு அவள் திரும்பிப் போகத் தயாராக இல்லை. இந்தப் பெட்டியை அவள்தான் திருகு திருகாகப் பூட்டினாள்; அதன் மேல் அவளுக்கு வெட்கமில்லாத ஆசை இருந்தது.

அவள் செய்த முதல் காரியம், வாடிக்கையாளர் விசாரணைகள் எல்லாம் வந்து விழுகிற ஒரு பொதுப் பெட்டகம். ஃபோல்டர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அதை எல்லோரும் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் பதில் எழுதலாம். முதல் வாரமே வண்டிகளைக் கவனிக்கும் ஸ்ரீஜித் இடத்தை அடைக்கிறது என்று பதினேழு கடிதங்களை அழித்துவிட்டான். அழிக்கும் உரிமையை எல்லோரிடமிருந்தும் பிடுங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டாள். இரண்டாம் வாரம் வேறு தகராறு. புனேயிலிருந்து எழுதிய ஒரு தம்பதிக்கு ஸ்ரீஜித்தும் பதில் போட்டான், புக்கிங் பார்க்கும் ஷிபாவும் பதில் போட்டாள். ஒருத்தருக்கு இன்னொருத்தர் எழுதியது தெரியாது. தம்பதி இரண்டு பதில்களையும் கையில் பிடித்துக்கொண்டு வந்து, இதில் உள்ள படகும் அதில் உள்ள சாப்பாடும் வேண்டும் என்று நின்றார்கள். நல்ல பாதிகளை வெட்டி ஒட்டிக்கொண்டு ஜம்மென்று போனார்கள்.

ஜெபமலர் அன்று மத்தியானம் சாப்பிடாமல் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். படிக்காத கடிதம் தடித்த எழுத்தில் நிற்கும், படித்தால் மெலிந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதைப் பொதுவாக்கிவிட்டாள். ஒருத்தர் திறந்தால் ஒரு நிமிஷத்துக்குள் பதினெட்டுத் திரையிலும் அந்த வரி மெலியும். யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்று மற்றவர்கள் கையை எடுத்துவிடலாம்.

ஞானசிகாமணி பூரித்துப்போனார். எல்லோரையும் கூட்டி, டீயும் பழம்பொரியும் வாங்கிக்கொடுத்து, சட்டம் போட்டார்.

"கேட்டியளா, இன்னைலேருந்து இதுதான் முறை. எவன் திறக்கியானோ அவந்தான் பதில் எழுதணும். திறந்தவன் தலையில சுமை. பின்ன எங்கிட்ட வந்து அவன் இவன்னு சொல்லப்பிடாது."

ஒரு மாதம் சொர்க்கம். அதற்கப்புறம் மனுஷ புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது.

சுளுவான கடிதங்கள் வந்த கையோடு மெலிந்தன. ஒரு கார், ஒரு நாள், கோவளம் போய்த் திரும்ப வேண்டும் என்றால் அதற்கு மூன்று பேர் பாய்ந்தார்கள். பேரம் பேசுகிற கடிதம், புகார்க் கடிதம், பக்கம் பக்கமான கடிதம் எல்லாம் தடித்தபடியே நின்றன. திறந்தால்தானே சுமை? ஆனால் திறக்காமல் எது சுளு, எது கஷ்டம் என்று எப்படித் தெரியும்? அதற்கும் வழி கண்டார்கள். கடிதத்தின் மேல் ஒரு தட்டுத் தட்டினால் கீழ்ப் பாதியில் அதன் முகம் தெரியும். ஐந்து விநாடி அப்படியே வைத்திருந்தால்தான் அது படித்ததாகக் கணக்கு. நாலாவது விநாடியில் வேறு கடிதத்துக்குத் தாவிவிட்டால் ஒருத்தரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

இதைக் கண்டுபிடித்தவள் ஷிபா. பிறகு பார்க்க வேண்டுமே! காலை பத்து மணிக்கு அந்த அலுவலகத்துக்குள் வருகிறவர்கள் ஏதோ ஜபம் நடக்கிறது என்று நினைத்திருப்பார்கள். எல்லா மேசையிலிருந்தும் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று ஒரு முணுமுணுப்பு. நாலில் ஒரு டிக். பிறகு மறுபடியும் ஒண்ணு.

முப்பத்தொரு கேள்விக் கடிதம் செப்டம்பர் இருபத்தேழு, திங்கட்கிழமை காலையில் வந்தது. குப்பைக் கடிதங்களைக் கழிப்பதற்காக ஜெபமலர் தினமும் காலையில் ஃபோல்டரை ஒரு பார்வை பார்ப்பாள். லாட்டரி விழுந்திருக்கிறது என்கிற வகையறாவோ என்று அதைத் திறந்தாள். எழுதியவர் நாங்குநேரி பிச்சைக்கனி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட வேலைபார்த்த இருபத்தொரு பேரைத் திருவனந்தபுரம் சுற்றிக்காட்ட அழைத்து வருகிறார். அவருக்குச் சில சந்தேகங்கள். ஆங்கிலத்தில் எழுதியிருந்தார், நான் தமிழில் சொல்கிறேன்.

'ஒன்று: வண்டி ஓட்டுநர் குறட்டை விடுவாரா? மத்தியானம் வண்டியிலேயே படுத்தால் எங்கள் பெண்கள் சாமான் எடுக்க வரும்போது பயப்படுவார்கள். இரண்டு: ஜன்னல் திரை துவைத்து எத்தனை நாள் ஆயிற்று?'

ஜெபமலருக்குச் சிரிப்பு வந்தது. ஆறு வரை படித்தாள். கீழே எண்கள் வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. குப்பை இல்லை, சரி. பதில் எழுதுவது தன் வேலையும் இல்லை. பெட்டியைப் பார்த்துக்கொள்கிறவளுக்குச் சட்டம் பொருந்தாது என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, வலது பக்கம் தட்டி, 'படிக்காதது' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். கடிதம் மறுபடி தடித்துக்கொண்டது.

பின்னால் தண்ணீர் பாட்டிலோடு ஷிபா நின்றிருந்தாள்.

"அய்யோ சேச்சி, இப்பிடி ஒரு வழி உண்டா? திறந்ததைத் திறக்காததா ஆக்கலாமா?"

"சும்மா, ஒரு செட்டிங்" என்றாள் ஜெபமலர்.

சாயங்காலத்துக்குள் அந்தச் செட்டிங் பதினெட்டு மேசைக்கும் தெரிந்துவிட்டது. இப்போது நாலு எண்ணத் தவறினாலும் பயமில்லை. ஒரு நிமிஷத்துக்குள் மறுபடி தடிக்கவைத்துவிட்டால் போதும். பிச்சைக்கனியின் கடிதம் அன்று முதல் அலுவலகத்தின் சொத்தாயிற்று. டீ குடிக்கும்போது "திரை துவைச்சு எத்தன நாளாச்சு?" என்று ஒருத்தரையொருத்தர் கேட்டுச் சிரித்தார்கள். யார் மேசையில் கண்ணயர்ந்தாலும் "ஒண்ணாங் கேள்வி, ஒண்ணாங் கேள்வி" என்றார்கள். கீழ்ப் பாதியில் தெரிகிற முதல் ஆறு கேள்விகளும் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் கடிதத்தை ஒருவரும் திறக்கவில்லை. திரையைப் பாருங்களேன், தடித்துத்தானே இருக்கிறது?

அக்டோபர் முதல் தேதி ஞானசிகாமணி தன் அறையிலிருந்து ஜெபமலரைக் கூப்பிட்டார். திரையில் அறுபத்து மூன்று தடித்த வரிகள், பூஜைக்கு வைத்த புத்தகங்களைப்போலத் தொடுவாரின்றிக் கிடந்தன.

"என்ன மக்களே இது? மாமி பிரிண்ட் எடுத்த காலத்தில நாலு நாள்ல பதில் போச்சு. இப்ப நாலு வாரம் ஆவுது."

"சரி பண்ணிடுதேன் சார்."

"மாசக் கடைசி வரை பாப்பேன். பின்னயும் ஒரு பிராது வந்துதுன்னா பெட்டியைத் தூக்கி வெளிய வச்சிரு. பழையபடி ஒரே அட்ரஸ், மாமியே பாக்கட்டும்."

பெட்டி வெளியே போனால் அதைப் பார்க்கிறவளுக்கு உள்ளே என்ன வேலை என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அந்த மாதக் கடைசியில்தான் அவளுடைய ஆறு மாதமும் முடிகிறது. அவள் மேசை மேசையாகப் போய்க் கெஞ்சினாள். "நாளைக்கு சேச்சி" என்றாள் ஷிபா. "இன்னொண்ணு முடிச்சுட்டு" என்றான் ஸ்ரீஜித். யாரும் மோசமான மனிதர்கள் இல்லை. வேறு யாராவது செய்வார்கள் என்று பதினெட்டுப் பேரும் நல்லெண்ணத்தோடு நம்பினார்கள்.

பன்னிரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை, வழக்கம்போல ஜெபமலர் குழித்துறையில் பாசஞ்சர் ஏறினாள். அடுத்த பெட்டியில் ஒரே கூச்சல். ஒரு கூட்டமே ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம். ஒருவரும் கேட்கிற மாதிரித் தெரியவில்லை. கல்யாண கோஷ்டி என்று நினைத்துக்கொண்டு ஜன்னலில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

தம்பானூரில் இறங்கிக் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு நடந்தவள், கடிகாரத்துக்குக் கீழே அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள். ஆணும் பெண்ணுமாக எல்லோருக்கும் அறுபதுக்கு மேல். எல்லோர் தலையிலும் ஒரே மாதிரி மஞ்சள் தொப்பி. நடுவே ஒல்லியாக ஒருவர், கையில் மூன்று தாள்களோடு, தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு.

ஜெபமலர் அந்தத் தொப்பிகளை மறுபடி பார்த்தாள். ஆறாவது கேள்வி அவளுக்கு மனப்பாடம். 'நாங்கள் மஞ்சள் தொப்பி அணிந்திருப்போம். அது உங்கள் ஆளுக்குப் போதுமான அடையாளமா?'

கை தானாகப் போய் அடையாள அட்டையைப் பொத்திக்கொண்டது. வலப்பக்கம் படிக்கட்டு. நாலு எண்ணுவதற்குள் ஏறிவிடலாம். ஆனால் பிச்சைக்கனி அதற்குள் அவள் கழுத்துக் கயிற்றில் இருந்த கம்பெனிப் பெயரைப் படித்துவிட்டிருந்தார்.

"பாத்தியா உலகம்மா, நான் சொன்னேம்லா? பத்தொம்பதாவது கேள்வி. ரயிலடிக்கு ஆள் வருமான்னு கேட்டிருந்தேன். கரெக்டா வந்துட்டாங்க!"

உலகம்மாள் என்ற அந்த அம்மாள் ஜெபமலரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா இருப்ப தாயி. நேத்து முழுக்க நான் வேண்டாம் வேண்டாம்னு சொன்னேன். பதிலே வராம எப்படிப் போறதுன்னு. இவருதான், நான் எழுதுனா எழுதுனதுதான், வருவாங்கன்னாரு."

"சார்," என்றாள் ஜெபமலர். கையை நீட்டினாள். "அந்தக் கடிதாசியை ஒருதடவை தாங்க."

பிளாட்பாரத்தில் நின்றுகொண்டே படித்தாள். ஏழிலிருந்து தொடங்கினாள். மிருகக்காட்சிசாலைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, அதனால்தான் செவ்வாய் வருகிறோம், சரிதானே? கோயிலுக்குள் வேட்டி கட்டினால்தான் விடுவார்களாம், கட்டாதவர்கள் ஐந்து பேர், வேட்டி கிடைக்குமா? சாப்பாட்டில் மூன்று பேருக்கு வெங்காயம் ஆகாது. ஒருவரால் படி ஏற முடியாது, அவரைத் தூக்க வேண்டாம், தோள் கொடுத்தால் போதும். எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் இந்த ஊருக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுத்திருக்கிறோம், ஊரைப் பார்த்ததில்லை. முப்பதாவது கேள்விக்குக் கீழே, கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது: 'ஒன்பதாம் தேதிக்குள் மறுப்பு வராவிட்டால் எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பன்னிரண்டாம் தேதி காலை பாசஞ்சரில் வருவோம்.'

அதற்கும் கீழே கடைசிக் கேள்வி. 'முப்பத்தொன்று: இத்தனையையும் பொறுமையாக முழுக்கப் படித்தவர் பெயர் என்ன? நேரில் நன்றி சொல்ல வேண்டும்.'

ஜெபமலருக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை. கொஞ்சம் தள்ளிப்போய் ஸ்ரீஜித்தைப் போனில் பிடித்தாள்.

"ஸ்ரீஜித்தே, இருபத்திரண்டு பேரு வந்து நிக்காங்க."

"எவ்விட?"

"பிளாட்பாரத்தில. மஞ்சத் தொப்பி."

"கொறட்டை சாரா?"

"அவரேதான்."

"அய்யோ! அதை ஆரும் திறக்கவேயில்லியே!"

அதைக் கேட்டதும் அவளுக்கு வந்த கோபத்தில் போன் சுட்டது. ஆனால் ஸ்ரீஜித்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடிதம் என்றால் ஒளிவான், வண்டி என்றால் பறப்பான். ஆரியசாலையில் ஒரு மளிகை வியாபாரி வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்த பஸ், சாயங்காலம் வரை சும்மா நிற்கிறது என்று கண்டுபிடித்து இருபத்தைந்தே நிமிஷத்தில் ரயிலடிக்குக் கொண்டுவந்தான். முகப்பில் மணமக்கள் பெயரும் முல்லைச் சரமும் அப்படியே தொங்கின. கழற்ற நேரமில்லை. உலகம்மாளுக்கு அதைப் பார்த்து ஒரே சந்தோஷம். இந்த மாதிரி பஸ் எங்கள் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை என்று சொல்லிச் சொல்லி ஏறினாள்.

"டிரைவர் குறட்டை விடுவாரா?" என்று பிச்சைக்கனி கேட்டார்.

ஸ்ரீஜித் போய் டிரைவரிடம் கேட்டான். டிரைவர் சுவாமிதாஸ் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு, அதெல்லாம் வீட்டில் கேட்டுச் சொல்ல வேண்டும் என்றார்.

ஜெபமலர் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வரை கூடப் போனாள். ஐந்து வேட்டியும் அங்கேயே ஒரு கடையில் கிடைத்தன. படி ஏற முடியாதவருக்கு ஸ்ரீஜித் தோள் கொடுத்தான். பிள்ளையார் முன்னால் எல்லோரும் தேங்காய் உடைக்கிற சத்தத்துக்கு நடுவே ஷிபாவுக்குப் போன் போட்டு, சாப்பாடு இருபத்திரண்டு, அதில் மூன்று வெங்காயம் இல்லாமல் என்றாள். ஷிபா எதிர்க்கேள்வி கேட்கவில்லை. அவள் குரலே சின்னதாகப் போயிருந்தது. பிறகு ஜெபமலர் நடந்தே அலுவலகம் வந்தாள்.

பதினோரு மணிக்கு ஞானசிகாமணி வந்தபோது விஷயம் அவருக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. நடு ஹாலில் நின்று ஒரு கத்து.

"ஆருடே அந்தக் கடிதாசியைத் திறந்தது?"

"ஆரும் திறக்கல்ல சார்" என்றது அலுவலகம் ஒரே குரலில்.

"நோக்குங்க சார், இப்பவும் தடிச்சுத்தான் இருக்கு" என்று ஷிபா திரையைக் காட்டினாள்.

அவர் ஜெபமலர் பக்கம் திரும்பினார். "பின்ன உன் பெட்டிதான் குத்தவாளி. மாசக் கடைசி வரை காக்காண்டாம். இன்னைக்கே அவுத்து மாத்து. மாமி பழையபடி பிரிண்ட் எடுக்கட்டும்."

"நேக்கு இப்போ கண்ணு செரியாத் தெரியறதில்லே, சொல்லிட்டேன்" என்றார் மாமி தலை நிமிராமல்.

ஜெபமலர் அசையாமல் நின்றாள். இவ்வளவு நேரமும் அவளுக்கு ஒரு விஷயம் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. யார் எதைத் திறந்தார்கள், யார் எதைத் திறக்காததாக மாற்றினார்கள் என்று அந்தப் பெட்டி தனக்குள் குறித்துக்கொண்டே இருக்கிறது. அலுவலகம் வந்த உடனேயே அதை ஒருதடவை பார்த்துவிட்டாள். அதைக் காட்டினால் பெட்டி பிழைக்கும். தான் பிழைப்பது சந்தேகம், ஏனென்றால் முதல் வரியில் இருப்பது அவள் பெயர். நடுவில் மூன்று இடத்தில் இருக்கிற பெயரை நினைத்தால் இன்னும் சந்தேகம்.

பிரிண்ட் எடுத்தாள். ஒரே தாள். அதை முதலாளி கையில் கொடுத்தாள்.

ஞானசிகாமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஒன்பது பேர், நாற்பத்தொரு தடவை. தாளின் பாதிக்கு வந்ததும் அவர் காது சிவந்தது.

"இது என்ன, ஞாயித்துக்கெழம?"

"அன்னைக்கு நீங்க ஆபீஸ் வந்திருந்தீங்க சார்."

"எல்லாரும் கொறட்டை கொறட்டைன்னு சிரிச்சியளே, என்னன்னு பாத்தேன்" என்றார் மெதுவாக. பிறகு அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "மொதப் பேரு உன்னுதுதானே?"

"ஆமா சார். நாந்தான் மொதல்ல திறந்து மூடினது. என்னைப் பாத்துத்தான் மத்தவங்க கத்துக்கிட்டாங்க."

ஷிபா தன் தண்ணீர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்குப் பதில் எழுது. முப்பத்தொண்ணுக்கும்" என்று சொல்லிவிட்டு ஞானசிகாமணி அறைக்குள் போனார். பெட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஜெபமலர் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை இரண்டு தட்டுத் தட்டித் திறந்தாள். ஒரு நிமிஷத்துக்குள் பதினெட்டுத் திரையிலும், பதினைந்து நாளாக நின்ற அந்தத் தடித்த வரி மெலிந்தது. எல்லோரும் அதைப் பார்த்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஒவ்வொன்றாக எழுதினாள். திரை போன மாதம் துவைத்தது. மிருகக்காட்சிசாலை விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. குறட்டை பற்றி டிரைவர் வீட்டில் விசாரித்துச் சொல்கிறோம். முப்பது வரை வந்துவிட்டாள். முப்பத்தொன்றில் தன் பெயரை அடித்தாள், அழித்தாள். மறுபடி அடித்தாள், மறுபடி அழித்தாள். பிறகு ஒரே மூச்சில் எழுதினாள்:

'முப்பத்தொன்று: உங்கள் கடிதத்தை எங்களில் ஒன்பது பேர் நாற்பத்தொரு தடவை திறந்தோம். முழுக்கப் படித்தவர் ஒருவரும் இல்லை. நான் படித்தது இன்று காலை, தம்பானூர் பிளாட்பாரத்தில், உங்கள் கையிலிருந்து வாங்கித்தான். நீங்கள் நன்றி சொல்லும்படி இங்கே யாரும் இல்லை. மன்னிக்க வேண்டும். ஜெபமலர்.'

அனுப்பிவிட்டாள். அனுப்பிய கடிதங்களின் நகலும் ஒரு பொது ஃபோல்டரில் விழும், அதையும் எல்லோரும் படிக்கலாம். படித்தார்கள். ஐந்து நிமிஷத்தில் முதலாளியின் கதவு திறந்தது.

"கம்பெனி மானத்தைக் கப்பலேத்திட்டியே மக்களே!"

ஜெபமலர் எழுந்து நின்றாள். கைப்பை எங்கே இருக்கிறது என்று கண் தேடியது.

"ஒம்பது பேருன்னு எழுதினா, ஆராரு அந்த ஒம்பதுன்னு மனுசன் அடுத்த கேள்வி கேப்பாரா மாட்டாரா? அவரு ஆரு, சூப்பர்வைசராக்கும். பேரையும் எழுதி இன்னொண்ணு அனுப்பு. ஒம்பதும். என் பேரை மொதல்ல போடு." கொஞ்சம் யோசித்தார். "வேண்டாம். உன்னுதே மொதல்ல இருக்கட்டும், அதுதானே முறை. என்னுது நடுவில போடு."

"அப்போ பெட்டி சார்?"

"பெட்டி என்ன செஞ்சுது? நடந்ததைத்தானே எழுதி வச்சுது. அது அங்கனயே கெடக்கட்டும்." கதவுப் பக்கம் திரும்பினவர் நின்றார். "நீயும் இங்கனயே கெட."

ஜெபமலருக்கு அப்போதுதான் அழ நேரம் கிடைத்தது. மேசைக்கடியில் தலையை விட்டு ஏதோ வயரைச் சரி பண்ணுவதுபோல அழுதாள். மாமி காலை நகர்த்தி இடம் கொடுத்தார்.

திறந்ததைத் திறக்காததாக மாற்றுகிற அந்த உரிமையை அவள் எல்லோரிடமிருந்தும் பிடுங்கியிருக்க முடியும். அன்றே அதற்கான பக்கத்தைத் திறந்தும் வைத்தாள். பிறகு என்ன தோன்றிற்றோ, அப்படியே மூடிவிட்டாள்.

பிச்சைக்கனியின் பதில் வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. தடித்த எழுத்தில், 'இன்னும் பன்னிரண்டு கேள்விகள்' என்று தலைப்பு. ஜெபமலர் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு கையைக் கொண்டுபோனாள். அவள் தொடுவதற்குள் அந்த வரி மெலிந்துவிட்டது.

யாரோ திறந்துவிட்டார்கள். அவள் தலையைத் திருப்பி யாரென்று பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடி எண்ண ஆரம்பித்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அறுபது வரை எண்ணினாள். மறுபடியும் ஒரு அறுபது. வரி மெலிந்தே இருந்தது. அடுத்த மேசையிலிருந்து ஷிபாவின் விசைப்பலகைச் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.